சங்கு அக்காவின் பாவசங்கீர்த்தனம்

அவள் என் காதோடு சொன்ன முதல் ரகசியம் தெரு முழுக்கக் கேட்டது. கல்யாணமாகி அம்பத்தூருக்கு நான் வந்து இறங்கிய நாள் அது. எண்பதுகளின் நடுவில் இருக்கும். என் கணவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, பாய் தலையணையோடு பின்னால் நான் போனேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி வேகமாக வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு காதில் சொன்னாள்.

"தங்கச்சி, உன் ஊட்டுக்காரன் தங்கமானவன். குளிக்கறதுன்னா மட்டும் காத தூரம் ஓடுவான். மொத நாளே கண்டிச்சு வச்சுக்கோ."

எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். குழாயடியில் சிரித்தார்கள். பெட்டியோடு நின்ற என் கணவர் காது வரை சிவந்துபோனார். அவள் மட்டும் ரகசியத்தைப் பத்திரமாக ஒப்படைத்துவிட்ட நிம்மதியில் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே அவர் குளித்தார் என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும்.

தெருவில் அவளுக்குச் சங்கு அக்கா என்று பெயர். எஸ்டேட்டில், அதாவது எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில், ஷிஃப்ட் மாறும்போது கம்பெனிகளில் ஊதுவார்களே, அந்தச் சங்கு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, இங்கே எழுதப் போவதும் இல்லை. சங்கு அக்கா என்றால் இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் பழைய ஆட்களுக்குத் தெரியும்.

எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினாள். தகட்டை அச்சுக்குள் வைத்து மிதியை அழுத்தினால், மேலேயிருந்து இரும்பு இறங்கி டங்கென்று வெட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே டங். ஒரே தகரக் கூரையின் கீழே அப்படி வரிசையாக மிஷின்கள். காதில் வைத்துக்கொள்ளக் கம்பெனியில் பஞ்சு கொடுப்பார்கள். அவள் அதைக் காதில் வைக்காமல் முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சேர்த்துச் சேர்த்து ஒரு தலையணை தைத்துவிட்டாள். நல்ல தலையணை, நானே அதில் தலை வைத்துப் படுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனதால், வருஷா வருஷம் அவள் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்தது. காது அடைக்க அடைக்கக் குரல் ஏறியது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"யாருக்கு காது கேக்கல? எனக்கா? நான் பேசறது ஆவடி வரிக்கும் கேக்குது, எனக்குக் காது கேக்கலியாம்!"

இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை.

அந்தக் குரலால் நாங்கள் பிழைத்ததும் உண்டு. கோடையில் தண்ணீர் லாரி எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. தெருமுனையில் லாரி திரும்பியதும் அவள் ஒரு குரல் கொடுப்பாள். அடுத்த தெரு வரைக்கும் குடங்கள் வெளியே வந்துவிடும். லாரிக்காரன் பெரிய வீடுகளுக்கு முதலில் ஹோஸைப் போட்டால், "இன்னா நைனா, அவங்களுக்கு மட்டும் ரெண்டு தொண்டையா?" என்று கேட்பாள். கேட்டது அவனிடம்தான், ஆனால் பெரிய வீட்டுக்காரர்களும் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். அவன் அவசரமாக ஹோஸை இந்தப் பக்கம் திருப்புவான்.

சில இடங்களில் அது மானத்தை வாங்கும். ஒரு சாவு வீட்டில், துக்கம் விசாரிக்க வந்த மூத்த மருமகனைப் பார்த்து என் காதில், "இவன்தான் சொத்தப் பிரிக்கச் சொல்லி நச்சரிச்சவன், இப்பொ அழறான் பாரு" என்றாள். அழுகை நின்றுவிட்டது. மொத்த வீடும் மருமகனைத் திரும்பிப் பார்த்தது. நான் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "நான் மெதுவாத்தானே சொன்னேன்?" என்று வழி நெடுக ஆச்சரியப்பட்டாள். அவளுக்குள் அது மெதுவாகத்தான் கேட்டிருக்க வேண்டும்.

போலீஸ்காரரிடம் பயமில்லை, சூப்பர்வைசரிடம் பயமில்லை, குடித்துவிட்டு வந்து சண்டை போடும் ஆண்களிடம் பயமே இல்லை. இப்படிப்பட்டவள் ஒரே ஒரு மரச்சாமானுக்கு நடுங்கினாள். எங்கள் கோயிலின் இடது ஓரத்தில் இருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஆளுயரக் கூண்டு. நடுவில் சாமியார் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் போட்ட பலகை. அதற்கு வெளியே முழந்தாளிட்டு, துளைகளில் வாயை வைத்து, செய்த பாவங்களை அவர் காதுக்கு மட்டும் சொல்ல வேண்டும். அவர் புத்தி சொல்லி, கடவுள் பேரால் மன்னிப்புக் கொடுப்பார். அந்த மன்னிப்பு இருந்தால்தான் பூசையில் நன்மை வாங்கலாம், அதாவது அப்பமாக வரும் ஆண்டவரை நாவில் வாங்கலாம். மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் கொஞ்சம் தள்ளி வரிசையில் நிற்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ரகசியம் பேசத் தெரிந்தவர்களுக்காகச் செய்த ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. ஆனால் எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது அவள் வாசலுக்குப் போய்விடுவாள். அங்கே கழற்றிப் போட்ட செருப்புகளுக்குக் காவல். ஒரு காலத்தில் செருப்பு திருடு போய்க்கொண்டிருந்தது உண்மைதான். அவள் நிற்கத் தொடங்கியதும் திருட்டு நின்றுபோனது. இது ஒரு பெரிய சேவை என்று கோயில் திருவிழாவில் அவளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கூடப் பரிசளித்தார்கள். கை தட்டினார்கள். டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு வந்தவளின் முகத்தைப் பார்த்தபோது, இதில் வேறென்னவோ இருக்கிறதென்று எனக்குப் பட்டது.

கேட்டேன். மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தோம். அவள் சொன்னாள். இதை எழுத எனக்கு உரிமை உண்டா என்று யாராவது கேட்கலாம். உண்டு. இது தொட்டியிலிருந்து நான் ஒட்டுக்கேட்டது அல்ல, அவளே எனக்குச் சொன்னது. வழக்கம்போல அக்கம்பக்கத்து மாடிகளுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள்.

"இவருக்குக் கம்பெனில லாக்கவுட்டு. அதே நேரம் அத்தைக்கு மஞ்சக்காமாலை, படுத்த படுக்கை. பகல்ல பிரஸ்ஸு ஓட்டிக்கினு, ராவுல அத்தைக்குத் துணி மாத்திக்கினு, எனக்குத் தூக்கமே இல்ல தங்கச்சி. ஒரு நாள் துணி தொவைக்கச் சொல்லோ மனசுல வந்துச்சு, இந்தக் கெய்வி போய்ச் சேந்தா நான் கொஞ்சம் தூங்குவேன்னு. ஒரே ஒரு தபா. உடனே கன்னத்துல போட்டுக்கினேன்."

மாமியார் செத்துப்போகவில்லை. அவள் கொடுத்த கீழாநெல்லியிலும் மோர்க்கஞ்சியிலும் எழுந்து நடமாடத் தொடங்கினார். அடுத்த தவக்காலத்தில், பெரிய வெள்ளிக்கு முன்னால், மாமியாரும் மருமகளும் ஒன்றாகத்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்கள். மருமகள் முன்னால், மாமியார் பின்னால்.

அவள் முழந்தாளிட்டு, சாமி, ஒருத்தர் சாகணும்னு நினைச்சுட்டேன் என்று தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். வரிசை அப்போதே காதைத் தீட்டியிருக்கும். அந்தக் காலத்துச் சாமியார் வயதானவர், முன்கோபி. உள்ளேயிருந்து ஏதோ கேட்டார்.

"இன்னா சாமி?"

மறுபடி கேட்டார்.

"வெளங்கல சாமி."

அவருக்குப் பொறுமை போய்விட்டது. "யார் சாகணும்னு நெனச்சே?" என்று கத்தினார். அவர் கத்தியதும் அப்படித்தான் பேச வேண்டுமாக்கும் என்று நினைத்து அவளும் கத்தினாள்.

"எங்க மாமியா, சாமி!"

கோயிலே சிரித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருக்க, ஒரே ஒரு முகம் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் எழுந்து ஓடிவந்துவிட்டாள்.

"மன்னிப்பு வாங்காமலே எழுந்து வந்துட்டேன் தங்கச்சி" என்றாள். "சொன்னது சொன்னபடி அங்கேயே கெடக்குது. சாமி இன்னும் அதுக்கு ஒண்ணும் சொல்லல."

வடகத் துணியின் ஓரத்தில் அவள் கண்ணீர் விழுந்தது. எனக்கு அந்தக் கிழட்டுச் சாமியார் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர் எப்போதோ மாற்றலாகிப் போய், காலமும் ஆகிவிட்டிருந்தார்.

மாமியார் அன்றோடு மருமகளிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினார். என்ன வேண்டுமோ அதைச் சுவரிடம் சொல்வார். "செவுரே, சாம்பார்ல உப்பு இல்ல." "செவுரே, என் கண்ணாடியக் காணோம்." சுவரிடம் சொன்னது அக்காவின் காதில் விழாது. பேத்திதான் நடுவில் நின்று சத்தமாக ஒலிபரப்புவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் அந்தக் கதையைச் சொல்லுவார். பால்காரர், பூக்காரி, வாடகை வாங்க வருகிறவர், யாரையும் விடவில்லை. "இவ நான் சாவணும்னு சாமியாராண்டயே சொன்னவ." எனக்குச் சொன்னபோது நான் புதுப்பெண், எதைச் சொல்கிறார் என்று புரியாமலே மரியாதைக்குத் தலையாட்டினேன். அக்கா இந்தப் பக்கம் அவருக்காக மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கணவரைப் பற்றிக் கேட்பீர்கள். மிக நல்லவர். தாய்க்கும் தாரத்துக்கும் நடுவில் நின்று பல வருஷங்களாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

வேறு கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவள் நான்தான். ஆவடியில் யாருக்கு இவளைத் தெரியும்? ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போனாள். இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். என்ன ஆச்சு என்றேன்.

"அங்க போனா, வரிசையில நம்ம பால் பூத்துக்காரம்மா நிக்குது. அதுக்கு முன்னாடி எங்க கம்பெனி கணக்குப்பிள்ள பொண்டாட்டி. அதுக்கும் முன்னாடி நம்ம கோயில்ல பாட்டு படிக்குதே, அந்தப் பொண்ணு!"

உள்ளூர்ப் பாவத்தை வெளியூரில் இறக்கிவைக்க வந்த கூட்டம் அது. ஒருவரையொருவர் தெரியாத மாதிரிச் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறார்கள். இவள் போய் பால் பூத் அம்மாவிடம் ரகசியமாக, "நீ இன்னாம்மே இங்க வந்துகீற?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஆவடிக் கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அம்பத்தூர்க்காரர்கள் அத்தனை பேரும் அடுத்த ரயிலைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். ஒரே பெட்டியில் வந்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு, "இனிமே எனக்கு அது இல்ல, உடு" என்றாள். அந்த 'உடு' எனக்குப் பிடிக்கவில்லை. எதையும் விடுகிறவள் அல்ல அவள்.

அப்படியே விட்டிருப்பாளோ என்னவோ. தொண்ணூறுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வேப்பம்பட்டுப் பையன், பக்தியான குடும்பம். ஈஸ்டர் கழிந்ததும் எங்கள் கோயிலிலேயே கல்யாணப் பூசை. பெண்ணும் மாப்பிள்ளையும் நன்மை வாங்கியதும் அடுத்து இரண்டு பக்கத்துப் பெற்றோரும் வாங்குவது வழக்கம். புடவை எடுத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, ஒரு நாள் என் அடுப்படியில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எம் பொண்ணு கல்யாணத்துலயும் நான் வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கணுமா தங்கச்சி?"

அவளுக்குக் காபி கலந்து கொடுத்தேன்.

அந்தத் தவக்காலத்தில்தான் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் வீடு வீடாகச் சந்திப்புக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சின்ன வயது, குரல் பூப்போல. அக்கா வீட்டுக்குள் நுழைந்து, "கல்யாண வேலை எல்லாம் எப்படிப் போகுதும்மா?" என்றார். "ஆமா சாமி, மழை பெய்ஞ்சா ஒழுவும்" என்றாள் அக்கா. அவர் மேலே ஓட்டைப் பார்த்தார். மறுபடி ஒன்று கேட்டார், அவள் மறுபடி ஓட்டைப் பற்றியே சொன்னாள். அவர் எழுந்து, நாற்காலியை அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, உரக்கப் பேசினார். அவளுக்கு எல்லாம் விளங்கியது. வந்த சாமியார்களிலேயே நல்லாப் பேசறவர் இவர்தான் என்று பிறகு என்னிடம் சான்றிதழ் கொடுத்தாள்.

அவள் காபிக்குப் போன நேரத்தில் மாமியார் தன் கதையைத் தொடங்கினார். நான் அங்கேதான் இருந்தேன். "இவ நான் சாவணும்னு அப்பொ இருந்த சாமியாராண்ட சொன்னவ." சிரித்துக்கொண்டிருந்த சாமியாரின் முகம் சட்டென்று மாறியது.

"இதை எங்க வச்சுக் கேட்டீங்க, பாட்டி?"

"கோயில்லதான் சாமி. அவ பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்லோ, வரிசையில நின்னுகினு."

"யார்கிட்டயெல்லாம் சொல்லியிருக்கீங்க?"

மாமியார் அதற்குப் பெருமையாகக் கையை விரித்து தெருவைக் காட்டினார். சாமியார் காபியைக் குடித்தார், ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சொன்னது ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தில். யார் பெயரையும் எடுக்கவில்லை. எங்கள் வரிசைப் பக்கம் பார்க்கக் கூட இல்லை. "ஒருத்தர் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது தற்செயலா நம்ம காதுல விழுந்துட்டா, அந்த ரகசியம் சாமியாரை மட்டுமில்ல, நம்மளையும் கட்டும். அதை வெளியே சொல்றது பெரிய பாவம். சொல்லிச் சிரிக்கறதும்தான். அவங்க கடவுள்கிட்ட இறக்கி வச்சுட்டுப் போனதை நாம எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது."

பால் பூத் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் ஜெபமாலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். கோயில் நியாயம் எல்லாம் தன் பக்கம் இருப்பதாகவே அந்த அம்மாள் அத்தனை வருஷமும் நினைத்திருந்தார். பாவம், தெரியாது அவருக்கு. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அக்கா உள்ளேதான் இருந்தாள், ஆனால் அந்தப் பூப்போன்ற குரலில் ஒரு சொல்லும் அவளுக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் நான்தான் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவள் காதுக்குச் சொன்னால் தெருவுக்கும் சொன்னதாகிவிடும், ஆனால் இது தெருவுக்கும் தெரிய வேண்டியதுதான் என்று கத்தியே சொன்னேன். பழிவாங்கிய திருப்தி அவள் முகத்தில் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"ஐயோ, அப்பொ அத்த இத்தினி வருசமா பாவத்துலயா கீது? அதுக்குத் தெரியாதே தங்கச்சி! யாராச்சும் சொல்லியிருக்கலாமே!"

அவ்வளவுதான் அவள் சொன்னது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் மாமியார் யாரிடமும் பேசவில்லை, சுவரிடம் கூட. சனிக்கிழமை சாயங்காலம், பெரிய வெள்ளிக்கு மட்டும் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். வாசல் வரைக்கும் வந்தவர் திரும்பி உள்ளே போனார். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு நேரே போய் நின்றார்.

"எழுந்து வாடி. கோயிலுக்குப் போலாம்."

அக்காவின் கையிலிருந்த அரிசி தண்ணீரோடு வழிந்தது. வருஷக்கணக்கில் அவளைப் பார்த்து அந்த வாய் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. ஒலிபரப்ப யாரும் தேவைப்படவில்லை.

"ஜனங்க இருப்பாங்க அத்தே" என்றாள். அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

கோயிலில் வரிசை நீளமாக இருந்தது. பிரசங்கத்தின் வேலை. அன்றைக்குச் சிரித்தவர்கள், சொல்லித் திரிந்தவர்கள் பலரும் வந்திருந்தார்கள். ஆவடிக் கூட்டமும் இந்த முறை உள்ளூரிலேயே நின்றது. அக்காவைப் பார்த்ததும் ஒருவரும் நிமிரவில்லை. மாமியார் முன்னால், அக்கா அவர் பின்னால், அடுத்து நான். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். தகடு தள்ளித் தள்ளிக் காய்ப்பேறிய கை, அது ஜில்லென்று இருந்தது.

மாமியாரின் முறை வந்தது. நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். என்ன சொன்னார், அவருக்குச் சாமியார் என்ன பரிகாரம் கொடுத்தார் என்பதெல்லாம் அந்தத் தொட்டியோடு போயிற்று. நான் ஊகிக்கலாம், ஊகித்ததைச் சொல்ல மாட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், எல்லோரையும்போல பீடத்துக்கு முன்னால் போய் ஜெபிக்கவில்லை. நேரே எங்கள் வரிசைக்கு வந்தார். அக்காவைத் தோளைப் பிடித்து தொட்டிப் பக்கம் தள்ளிவிட்டார். அவள் முழந்தாளிட்டதும், வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்று, இடுப்பிலிருந்து ஜெபமாலையை எடுத்துத் தூக்கிப் பிடித்து, தன் மெலிந்த குரலில் முழு மூச்சோடு மாதா பிரார்த்தனையைத் தொடங்கினார்.

ஒருவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து பதில் சொல்லும் ஜெபம் அது. முதல் வரிக்கு யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தொட்டிப் பக்கமிருந்து, "சாமி, என்னை ஆசீர்வதியும்" என்று சங்கு ஊத ஆரம்பித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்று நான் கத்தினேன்.

அடுத்த வரிக்கு பால் பூத் அம்மா சேர்ந்தார். அதற்கடுத்த வரிக்கு வரிசை முழுவதும். அப்படி ஒரு பிரார்த்தனையை எங்கள் கோயில் கேட்டதில்லை. திருவிழாவுக்குக் கூட அவ்வளவு சத்தம் வந்ததில்லை. கணக்குப்பிள்ளை மனைவி கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். எங்கள் சத்தத்துக்கு அடியில் அக்காவின் குரல் உறுமிக்கொண்டே இருந்தது. ஒரு சொல் விளங்கவில்லை. விளங்கக் கூடாது என்றுதானே கத்தினோம்.

பிரார்த்தனை முடிந்துவிட்டது, அவள் முடிக்கவில்லை. அத்தனை வருஷத்துச் சரக்கு. மாமியார் ஒரு நொடியும் யோசிக்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாம் சுற்றில், "பாவிகளுக்கு அடைக்கலமே" என்ற வரி வந்ததும் அவர் குரல் உடைந்துபோயிற்று. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நாங்கள் விடவில்லை. வரியே இல்லாமல், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றோம். நான் அழுதுகொண்டே கத்தினேன், வெட்கமாக இல்லை.

அப்போது தொட்டியின் திறந்த முன்பக்கத்தில் சாமியாரின் கை உயர்ந்தது தெரிந்தது. மன்னிப்புக் கொடுக்கும் கை. எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம். அவர், தான் பேசுவது யாருக்குக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர். அந்தப் பூப்போன்ற குரலை எங்கே வைத்தாரோ, கோயில் அதிரச் சொன்னார்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே, உன் பாவங்களிலிருந்து நான் உன்னை விடுவிக்கிறேன்!"

பிறகு அக்காவின் குரல் வந்தது.

"கேக்கல சாமி! இன்னொரு தபா!"

அவர் எழுந்தே நின்றுவிட்டார். முன்னிலும் உரக்க, ஒவ்வொரு சொல்லாக, இன்னொரு முறை சொன்னார். கூரைச் சட்டத்திலிருந்து குருவிகள் படபடத்துப் பறந்தன. "ஆமென்" என்று முதலில் சொன்னது மாமியார்தான்.

கல்யாணப் பூசையில் மகளுக்கும் மருமகனுக்கும் அடுத்து அக்கா போய் நின்று நன்மை வாங்கினாள். பட்டுப் புடவையில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது மாமியார் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். வாசலில் அன்று காவலுக்கு ஆள் இல்லை. கல்யாணத்துக்கென்று நான் வாங்கிய புதுச் செருப்பு போய்விட்டது. அதைப்போல் சந்தோஷமாக நான் எதையும் தொலைத்ததில்லை.

வெறுங்காலோடு பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அன்றைக்கு முதல் தடவை நிஜமாகவே கேட்கவில்லையா என்று கேட்டேன். அவள் இலையிலிருந்து கையை எடுத்தாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். இடது கையால் வாயை மறைத்து, என் காதருகே குனிந்து, பரம ரகசியமாகச் சொன்னாள். பந்தியின் கடைசி இலை வரைக்கும் பரிமாறிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"மொத தபாவே நல்லாத்தான் கேட்டுச்சு தங்கச்சி. அன்னிக்கு நான் சொன்னத ஊரே கேட்டுச்சில்ல? சாமி சொன்னதையும் எல்லாரும் நல்லா கேட்டுக்கினு போவட்டும்னுதான்."